முருங்கை மரத்துப் பேயும் புதுச்சேரியின் குறுகலான தெருக்களும்

முருங்கை மரத்தில் பேய் இருக்கிறது என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதுண்டு. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் ஏறிக்கொள்வதும் முருங்கை மரத்தில்தான். ஏன் ஆலமரமோ புளியமரமோ இல்லாமல் முருங்கை? பதில் மிகவும் எளிமையானது. முருங்கைக் கிளை சட்டென்று ஒடியும். வளையாது, முனகாது, முன்னறிவிப்பு எதுவும் தராது. பிஞ்சு பறிக்க ஏறும் சிறுவன் கிளையோடு கீழே வந்துவிடுவான். "ஏறாதே, ஒடிந்துவிடும்" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கிறது? "பேய் இருக்கிறது" என்றால் கேட்கும்! பாட்டியின் பேய்க்கதை உண்மையில் ஒரு பாதுகாப்பு விதி.

இன்று நகரங்களில் இந்த விதியைச் சொல்லப் பாட்டிகள் இல்லை. ஆனால் ஒடியும் மரங்கள் முன்பைவிட அதிகம். அவற்றின் கீழே மின்கம்பி, கார், பள்ளிக்கூட வாசல், நூறு வருடத்து ஓட்டு வீடு என்று எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்படிப்பட்ட மரத்தில் ஒரு மனிதன் ஏறி, அதைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். இது எவ்வளவு கடினமான வேலை, எப்படி வளர்ந்த கலை என்பதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரியை விட நல்ல ஊர் கிடைப்பது அரிது. இந்த ஊரின் வரலாற்றில் புயலும், குறுகலான தெருவும், வெளிநாட்டு மரமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

கட்டம் போட்ட ஊர்

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1699 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. இன்று புதுச்சேரியைச் சுற்றிப் பார்ப்பவர்கள் வியக்கும் அந்த நேர்நேரான, குறுக்கும் நெடுக்குமான தெரு அமைப்புக்கு முதல் வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்களே. ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அதே வரைபடத்தைத் தொடர்ந்தார்கள்.

1761 ஜனவரி முதல் நாள் ஒரு பெரும் புயல் அடித்தது. அப்போது ஆங்கிலேயக் கடற்படை புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்றது. புயலில் பல கப்பல்கள் மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன, ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் தப்பவில்லை. ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. புகழ்பெற்ற நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரி மாதத்தில்தான்.

பிறகு ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். மதில் இருந்த இடம் பிற்பாடு ஊரைச் சுற்றும் புல்வார் சாலை ஆனது. நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி. பிரெஞ்சுப் பகுதி வீடுகளுக்கு உயரமான மதில், உள்ளே தோட்டம். தமிழ்ப் பகுதி வீடுகளுக்குத் தெருப்பக்கம் திண்ணையும் தாழ்வாரமும், உள்ளே முற்றம். இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மரம் நிற்பது நான்கு சுவருக்கு நடுவே!

இது ஏன் முக்கியம்? வயல்காட்டில் ஒரு மரத்தை வெட்ட வேண்டும் என்றால் அடியில் வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் அறுத்து, வடக்கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிடலாம். 12 மீட்டர் மரத்துக்குச் சுற்றிலும் அதைப்போல ஒன்றரை இரண்டு மடங்காவது வெற்றிடம் இருந்தால் போதும். புதுச்சேரி முற்றத்தில் அந்த வெற்றிடம் எங்கே? எந்தப் பக்கம் சாய்த்தாலும் யாரோ ஒருவருடைய சுவர். அதுவும் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய சுவர். அந்தக் கட்டடங்கள் எவ்வளவு நொய்ந்து போயிருந்தன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கடற்கரைச் சாலையில் 1870-களில் இருந்து நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் தானாகவே சரிந்து விழுந்தது. (பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள்.) மழையே தள்ளிவிடக்கூடிய சுவர் மேல் கால் டன் எடையுள்ள கிளை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பலில் வந்த நிழல்

புதுச்சேரியின் தாவரவியல் பூங்கா 1826-ல் தொடங்கப்பட்டது. அங்கே நீண்ட காலம் பணிபுரிந்தவர் ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே. ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர். 1819 முதல் 1821 வரை பிரெஞ்சுக் கப்பலில் பிலிப்பைன்ஸ், ஜாவா என்று சுற்றிச் செடிகளைச் சேகரித்தவர், பிறகு செனகலில் வேலை பார்த்தவர். 1834-ல் புதுச்சேரிக்கு வந்தார். 1870-ல் இதே ஊரில் இறந்தார். அந்தக் காலத்துத் தாவரவியல் பூங்காக்கள் வெறும் வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல. ஒரு காலனியின் செடியை இன்னொரு காலனியில் நட்டுப் பார்க்கும் சோதனைச் சாலைகள்.

19-ஆம் நூற்றாண்டில் இந்திய நகரங்களின் நிழல் முழுவதும் மாறியது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது. நாம் ஏதோ நம்மூர் மரம் என்று நினைக்கும் சிவப்புப் பூ மயில்கொன்றை மடகாஸ்கரைச் சேர்ந்தது. 1820-களில்தான் அது ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கே அறிமுகமானது. மஞ்சள் பூ இயல்வாகை தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. சவுக்கும் கடல் கடந்து வந்ததே. இன்று புதுச்சேரி, கடலூர் கடற்கரையெங்கும் சவுக்குத் தோப்பு. வீடு கட்டச் சாரம் போடுவதும், மரம் வெட்ட முட்டுக் கொடுப்பதும் சவுக்குக் கட்டையில்தான்!

இந்த மரங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தது மூன்று விஷயங்கள். சீக்கிரம் வளர வேண்டும், அகலமாக விரிய வேண்டும், பூத்தால் அழகாக இருக்க வேண்டும். சீக்கிரம் வளரும் மரத்தின் கட்டை பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். அகலமாக விரியும் மரத்தின் கிளை நீளமாகப் படுத்துக்கொள்ளும். வேம்பும் புன்னையும் பூவரசும் மெதுவாக வளர்ந்தாலும் காற்றை அறிந்த மரங்கள். புதிய மரங்கள் நிழலை உடனே தந்தன. அதற்கான விலையைப் பின்னால் வந்த தலைமுறையிடம் வாங்கின.

புதுச்சேரியின் மிகப் புகழ்பெற்ற ஒற்றை மரமும் ஓர் இயல்வாகைதான். அரவிந்தர் ஆசிரமத்தின் உள்முற்றத்தில், சமாதியின் மேல் குடை பிடித்தாற்போல் நிற்கும் மரம் அது. 1930-களில் நடப்பட்டது. அதன் பூவுக்கு அன்னை வைத்த பெயர் 'சேவை'. அரவிந்தர் 1950 டிசம்பரில் அதன் அடியில் அடக்கம் செய்யப்பட்டார், அன்னை 1973 நவம்பரில். ஒடியும் தன்மையுள்ள ஓர் இனம், நாலு பக்கமும் கட்டடம், கீழே நாள் முழுவதும் மக்கள்... வெட்டிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாத மரம். எல்லா மரத்தையும் கோடாலியால் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டுமா?

ஒரு கிளை ஏன் ஒடிகிறது?

பச்சை மரத்துக்கு இரண்டு பலம். நார் இழுத்துப் பிடிக்கும், ஈரம் வளைந்து கொடுக்கும். கிளை பட்டுப்போனால் ஈரம் போகிறது. பிறகு பூஞ்சை நுழைந்து நாரைத் தின்கிறது. வெளியே பார்த்தால் கட்டை திடமாகவே தெரியும். கை வைத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

இன்னொரு ஆபத்து கவட்டையில் இருக்கிறது. இரண்டு தண்டுகள் 'வி' வடிவில் நெருக்கமாக வளரும்போது நடுவே பட்டை மாட்டிக்கொள்ளும். பார்க்க ஒரே மரம், உள்ளே இரண்டும் ஒட்டவே இல்லை. கனமழையில் இலைகள் நனைந்து பாரம் ஏறும்போது, அல்லது ஒருவர் ஏறி நிற்கும்போது, அந்தக் கவட்டை பிளந்துவிடும்.

உள்ளே பொந்து விழுந்த மரம் உடனே விழுந்துவிடும் என்றும் இல்லை. குழாய் எப்படி நிற்கிறதோ அப்படி நிற்கும். ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் என்ற ஆய்வாளர் 1990-களில் ஏராளமான மரங்களை அளந்து ஒரு கணக்குச் சொன்னார். தண்டின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் மிச்சம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு ஏறிவிடும் என்பது அந்தக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள தண்டு என்றால் சுற்றுச்சுவர் 10 செ.மீ. இருக்க வேண்டும். இதைப் பற்றிப் பிறகு விவாதங்கள் எழுந்தாலும், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்ற பாடம் நிலைத்துவிட்டது.

நம்மூர் அனுபவசாலிகளும் ஏறும் முன்னால் இதைத்தான் செய்கிறார்கள். அரிவாளின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பார்கள். 'டண்' என்றால் கட்டை நல்லது. 'டொம்' என்றால் உள்ளே பொந்து. அடியில் காளான் குடை, கரையான் மண், வேர்ப்பக்கம் புதிதாக விட்ட வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்த இலை... எல்லாமே மரம் எழுதி வைத்த கடிதங்கள். படிக்கத் தெரிந்தவர் உயிரோடு இறங்குகிறார்.

தளையும் அதன் எல்லையும்

மரம் ஏறுவது தமிழர்களுக்குப் புதிதா என்ன? பனையேறிகளின் திறமை உலகறிந்தது. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், கைகளால் தண்டை அணைத்தபடி ஒரு நாளில் பல மரங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் தடை இல்லை என்பதால் அந்தத் தொழில் இங்கே முற்றிலும் அற்றுப்போகவில்லை. நகரத்தில் வேப்பமரமோ தூங்குமூஞ்சியோ வெட்ட வேண்டும் என்றால் பெரும்பாலும் கூப்பிடுவதும் தேங்காய் பறிப்பவர்களையும் பனையேறிகளையும்தான்.

ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பனைக்கும் தென்னைக்கும் கிளை கிடையாது. ஏறுபவரின் பாரம் முழுவதும் தண்டின் வழியே நேராகத் தரைக்கு இறங்குகிறது. கிளை மரத்திலோ அவர் தண்டை விட்டு வெளியே நடந்து போக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கிளை மெலிகிறது, நெம்புகோல் நீள்கிறது. அடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் தரும் அழுத்தத்தைப் போல நாலு மடங்கை, நாலு மீட்டர் தள்ளி நிற்பவர் தருகிறார். பனையில் தளை காப்பாற்றும். பட்டுப்போன வாகைக் கிளையில் தளை ஒன்றும் செய்யாது.

தென்னைக்காவது ஒரு வழி பிறந்தது. கேரளத்தில் ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் போனபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் கருவி, பயிற்சி, விபத்துக் காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெண்களும் பயிற்சி பெற்று ஏறினார்கள். கிளை மரம் ஏறுபவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும்.

கயிறு ஆயுதமான கதை

அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் 1901-ல் 'மர வைத்தியர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மரத்தை வெட்டுவது மட்டும் வேலையல்ல, வைத்தியமும் வேலைதான் என்று சொன்ன முன்னோடிகளில் ஒருவர் அவர். 1931-ல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் ஒரு முடிச்சை வெளியிட்டார். மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றின் மேல் சுற்றிப் போடும் முடிச்சு அது. பாரம் விழுந்தால் இறுகும், பாரம் எடுத்தால் நகரும். மலைக்குப் பிறந்த முடிச்சு மரத்துக்கும் வந்தது. இன்று மரமேறிகள் பயன்படுத்தும் உராய்வு முடிச்சுகள் பலவும் அதன் உறவினர்கள்.

இதே காலத்தில் ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரச் சங்கிலி ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோல் ரம்பத்தையும் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். எடை குறையக் குறைய அது மரத்தின் மேலேயும் ஏறியது. வேலை வேகமானது, ஆபத்தும் வேகமானது. கோடாலி தவறினால் காயம். ரம்பம் தவறினால், தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றையே அறுத்துக்கொண்டு விழலாம். அதனால்தான் மேலே ரம்பம் ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்.

2011 டிசம்பர் 30

புதுச்சேரிக்காரர்களிடம் 'தானே' என்று சொன்னால் போதும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அந்தப் புயல் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகப் படுத்தன. புதுச்சேரித் தெருக்களில் மரங்கள் மின்கம்பிகளோடு சேர்ந்து விழுந்து கிடந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. புத்தாண்டு இருட்டில் பிறந்தது.

பக்கத்தில் ஆரோவில்லுக்கும் பெரிய அடி. 1968-ல் செம்மண் பொட்டலில் தொடங்கிய அந்த ஊர், மண்ணைப் பிடித்து நிறுத்த வேகமாக வளரும் மரங்களை நட்டது. அவற்றில் முக்கியமானது ஆஸ்திரேலியா, பப்புவா நியூகினிப் பக்கத்திலிருந்து வந்த கத்திச்சவுக்கு. மண்ணைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒடியும் கட்டை. தானேயில் அது கூட்டம் கூட்டமாக முறிந்தது. கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டு முறையாக ஏறி மரங்களைப் பராமரிக்கும் குழு ஒன்று இன்று ஆரோவில்லில் வேலை செய்கிறது.

புயல் அடிக்கும்போது மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலையில்தான் இரண்டாவது ஆபத்து ஆரம்பிக்கிறது. விழுந்த மரம் செத்த மரம் மாதிரி தெரியும், ஆனால் அது விறைத்து இழுபட்ட வில்! வளைந்து மாட்டிய கிளையைத் தவறான பக்கத்தில் அறுத்தால் முகத்தில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்துவிட்டால், பாரம் குறைந்த வேர்த்தட்டு சடாரென்று பழைய குழிக்குள் நிமிர்ந்து உட்காரும். அந்தக் குழியில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால்? இந்த ஒரு விஷயத்தையாவது ஒவ்வொரு கடலோர ஊரிலும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தானேக்குப் பிறகும் புயல்கள் ஓயவில்லை. 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகைகளைச் சாய்த்தது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். அதில் காற்று குறைவு, மழைதான் அதிகம். ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ. கொட்டியது. மண் சேறானால் வேரின் பிடி தளரும். காற்று கம்மி என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

சுவர்களுக்கு நடுவே ஒரு மரம் இறங்குகிறது

நாலு சுவருக்கு நடுவே நிற்கும் பட்ட மரத்தை எப்படித்தான் இறக்குவது? முதல் கேள்வி, அதில் ஏறலாமா என்பதே. முறையாகப் பயின்றவர்கள் மேலே கயிற்றைப் போட்டதும், தரையில் நின்றபடி இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்ப்பார்கள். இரண்டு பேரைத் தாங்கினால் ஒருவர் ஏறலாம். தாங்காது என்று சந்தேகம் வந்தால் ஏறுவதே இல்லை. பக்கத்தில் உள்ள நல்ல மரத்தில் கயிறு கட்டலாம், கூடை வைத்த லிஃப்ட் வண்டி அல்லது கிரேன் கொண்டுவரலாம். புதுச்சேரியின் பல தெருக்களில் வண்டி நுழையும். ஆனால் வீட்டைத் தாண்டி உள்முற்றத்துக்குக் கை எட்டாது. அங்கே சாரம் கட்டி ஏறுவதுதான் மிச்சமுள்ள வழி.

இரண்டாவது, மின்சாரம். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொடாமல் வெட்டிவிடுவேன் என்பது வீரம் அல்ல. மின்துறையில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, பாரம். 30 செ.மீ. தடிமனும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கிளை சுமார் 250 கிலோ இருக்கும். அது 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 35 கி.மீ. ஓட்டுக் கூரை தாங்குமா? அதனால் அதைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குகிறார்கள். கீழே கயிற்றைத் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் உராய்வே பெரும்பாலான பாரத்தை வாங்கிக்கொள்ளும். சாதாரண உராய்வுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு சுற்று என்பது நாற்பது மடங்கு உதவி. 250 கிலோவை ஆறேழு கிலோ இழுப்பில் ஒருவர் நிறுத்திவிடலாம்! கப்பல் கட்டும் துறையில் இருந்து கிணற்றில் மோட்டார் இறக்குவது வரை இதே வித்தைதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே கப்பி மாட்டிய இடத்தில் விழுவது 250 கிலோ அல்ல, 500. ஒரு பக்கம் கிளை இழுக்கிறது, மறுபக்கம் கயிறு பிடிப்பவரும் உராய்வும் அதே அளவுக்கு இழுக்கின்றன. கிளை ஒரு மீட்டர் தாராளமாக விழுந்து பிறகு கயிறு இறுகினால் அந்த உலுக்கலில் இன்னும் பல மடங்கு ஏறும். நல்ல மரம் தாங்கும். ஒடியும் மரம் நடுவிலேயே முறியும், மேலே இருப்பவரோடு சேர்ந்து. அதனால் பட்ட மரத்தில் சின்னச் சின்னத் துண்டாக, கையால் தூக்கி வைக்கும் அளவுக்கு அறுப்பதே வழி. ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். கூலி பேசும்போதே இந்த மூன்று நாளைப் பேசிவிட வேண்டும். ஒரே நாளில் முடி என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரரும் விபத்துக்கு ஒரு காரணம்தான்.

நான்காவது, கீழே நிற்பவர்கள். ஏறுபவர் மட்டும் தொழிலாளி அல்ல. தெருவை மறிப்பவர், கயிறு பிடிப்பவர், இன்னொரு ஏறத் தெரிந்தவர் மூவரும் வேண்டும். மயங்கிய நிலையில் இடுப்புப் பட்டையில் நீண்ட நேரம் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. இறக்கக்கூடியவர் அங்கேயே இருக்க வேண்டும்.

வெட்டுவதா, விடுவதா?

"முருங்கையை ஒடித்து வளர்க்கணும்" என்று ஒரு பழமொழி பாதி உண்டு. முருங்கைக்கு அது சரி. ஆனால் எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிடும் பழக்கம் நகரங்களில் பரவிவிட்டது. மழைக்காலம் வரும் முன் மேல் கிளைகளை எல்லாம் தறித்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிரானது.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். 1977-ல் அவர் முன்வைத்த முடிவு இதுதான். மரம் நம்மைப் போல் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் வீங்கிய கழுத்தில்தான் அந்தச் சுவர் எழுப்பும் திறன் இருக்கிறது. கழுத்தை விட்டுவிட்டு வெட்டினால் மரம் அடைத்துக்கொள்ளும். தண்டோடு வழித்து வெட்டினாலோ, நடுக்கிளையில் மொட்டையாகத் தறித்தாலோ அழுகல் உள்ளே இறங்கும். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக முளைக்கும் புதுக் கிளைகள் பட்டையில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. பத்து வருடம் கழித்து அவைதான் ஒடியும். இன்றைய தவறான வெட்டு, நாளைய ஒடியும் மரம்!

இதைவிட அமைதியாக நடக்கும் கொலை ஒன்று உண்டு. மரத்தின் அடிவரை சிமெண்ட் போடுவதும், கேபிளுக்கும் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டும்போது வேரை அறுப்பதும். மூச்சுவிட முடியாத வேர் அழுகுகிறது, அறுபட்ட வேர் பிடிப்பை விடுகிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் புதுச்சேரியின் ஒவ்வொரு தெரு மரத்துக்கும் தேவை.

ஆகவே ஆபத்தான மரத்தைப் பற்றிய முடிவு "வெட்டு", "வெட்டாதே" என்ற இரண்டு சொல்லில் அடங்காது. சில மரங்களுக்குப் பாரம் குறைத்தால் போதும். சிலவற்றுக்கு முட்டுக் கொடுக்கலாம். சிலவற்றின் கீழே உட்காரும் இடத்தை மாற்றினாலே ஆபத்து தீர்ந்தது. சிலவற்றை இறக்கியே ஆக வேண்டும். அப்படி இறக்கும்போது அந்த இடத்தில் வேம்போ புன்னையோ பூவரசோ நட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவர்கள் செய்த தேர்வை 21-ஆம் நூற்றாண்டும் கண்ணை மூடிக்கொண்டு தொடர வேண்டியதில்லை.

கடைசியாக, மேலே நிற்கும் அந்த மனிதரைப் பற்றி. புயல் முடிந்த காலையில் ஊரே எதிர்பார்ப்பது அவரைத்தான். பெரும்பாலும் அவர் தலையில் ஹெல்மெட் இல்லை, இடுப்பில் பட்டை இல்லை, பெயரில் காப்பீடும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அரிவாளை முதுகில் செருகிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறார். ஒரு நல்ல கயிறும் இடுப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வாங்க ஆகும் செலவு, அவர் விழுந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவின் பக்கத்தில் கூட வராது. நகராட்சியோ, ஒரு தெருவில் உள்ள பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தோ இதை வாங்கி வைத்துவிடலாம்.

அடுத்த முறை உங்கள் தெருவில் மரம் வெட்ட ஆள் வந்தால், கூலி எவ்வளவு என்று கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கயிறு எங்கே கட்டப் போறீங்க?" பதில் சரியாக வரவில்லை என்றால் ஏற விடாதீர்கள். பேய் இருக்கிறது என்று சொன்ன பாட்டி கேட்க நினைத்ததும் அதைத்தான்.